அகலமாகும் ஃப்ரீவேயில் ஐந்தாவது தடம் யாருக்கு?

கேள்வி இது: ஒரு திசைக்கு நான்கு தடங்கள் உள்ள அமெரிக்க ஃப்ரீவே (சிக்னல் இல்லாத வேக நெடுஞ்சாலை) ஒன்றை ஐந்து தடமாக அகலப்படுத்துகிறார்கள். புதிய தடத்தை எல்லோருக்கும் திறந்துவிடாமல் கார்பூலுக்கு, அதாவது இரண்டு மூன்று பேராவது சேர்ந்து போகும் கார்களுக்கும் பஸ்களுக்கும், ஒதுக்குவது ஏன்? பக்கத்து நான்கும் ஊர்ந்துகொண்டிருக்க, இது மட்டும் பாதி காலியாகக் கிடக்கிறதே, போட்ட பணம் வீண்தானே? ஒரு தடத்தில் மணிக்கு எத்தனை வண்டிதான் போகும்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் மற்ற இரண்டுக்கும் விடை பிடிபடும்.

அமெரிக்கப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின்படி, நெரிசல் இல்லாதபோது மணிக்கு 65 மைல் வேகம் கிடைக்கும் ஃப்ரீவேயில் ஒரு தடத்தின் கொள்ளளவு மணிக்கு 2,350 கார். 70 மைல் என்றால் 2,400. அதற்குமேல் ஏறாது. 2,350 என்பது இரண்டு கார்களுக்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை வினாடி மட்டுமே இடைவெளி. எல்லா வண்டியும் கார், எல்லா ஓட்டுநரும் தினமும் அந்த வழியில் போகிறவர், மழை இல்லை, விபத்து இல்லை என்ற கற்பனை உலகத்து எண் அது.

உண்மைச் சாலைக்கு வந்தால் கழிக்க வேண்டியவை உண்டு. சமதளத்தில் ஒரு லாரியை இரண்டு காராகக் கணக்கிடுவார்கள். மேடுபள்ளமான நிலத்தில் மூன்றாக. நூற்றுக்கு ஐந்து லாரி ஓடும் சமதளச் சாலையில் 2,350 என்பது 2,240 வண்டியாகக் குறையும். அடுத்து, ஒரு மணி நேரத்துப் போக்குவரத்து நான்கு கால் மணிக்கும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. அலுவலகம் தொடங்கும் முன்னான கால் மணி நேரத்தில் முட்டித் தள்ளும். அந்த உச்சத்துக்கு இடம்விட 0.94 என்ற காரணியால் பெருக்கினால் 2,100 மிஞ்சும். பழைய சாலைகளில் நெருக்கமான எக்ஸிட்டுகளும் (வெளியேறும் வழிகள்) ஏறி இறங்கும் குறுகிய ராம்ப்களும் இன்னும் கொஞ்சம் தின்னும். ஆகவே திட்டம் போடும்போது ஒரு பொதுத் தடத்துக்கு மணிக்கு 2,000 வண்டி என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஒரு மைல் நீளத் தடத்தில் 45 கார் வரை இருந்தாலும் ஓட்டம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் நெருங்கினால் யாரோ ஒருவர் பிரேக்கை மிதித்ததும் பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி மிதிக்க, அந்த அலை பின்னோக்கி ஓடி, ஓட்டம் உடைந்துவிடும். உடைந்தபின் அந்தத் தடம் முன்பு கடத்திய அளவைக்கூடக் கடத்தாது. ஏறத்தாழ 7 விழுக்காடு குறைத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு. அதாவது சாலை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அதன் கொள்ளளவு சுருங்குகிறது. நெரிசல் வராமல் தடுப்பதன் லாபம், நெரிசல் வந்தபின் அதை நீக்குவதைவிட எப்போதும் அதிகம்.

இனி கார்பூல் தடம். இது சாலையின் நடுவை ஒட்டிய இடக்கோடியில், தனியாக ஓடும் ஒற்றைத் தடம். இதன் கொள்ளளவைப் பொதுத் தடத்தின் எண்ணால் கணக்கிடுவது பலரும் செய்யும் பிழை. ஒற்றைத் தடத்தில் முந்த முடியாது. முன்னால் ஒருவர் 52 மைலில் போனால் பின்னால் வரும் எல்லோருக்கும் அதே 52 தான். தவிர, வலப்பக்கம் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும்போது எவராவது திடீரென்று உள்ளே நுழைவாரோ என்ற பயத்தில் கார்பூல் தடத்தில் போகிறவரும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். கலிபோர்னியா ஃப்ரீவேக்களின் சென்சார் தரவுகளை வைத்து ஜேமியுங் குவோனும் பிரவீன் வராயாவும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கார்பூல் தடத்தின் உச்ச ஓட்டம் 45 மைல் வேகத்தில் 1,600 வண்டி, பக்கத்துப் பொதுத் தடத்துக்கு 60 மைல் வேகத்தில் 2,000 வண்டி என்று வந்தது. ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. இடத்துக்கு இடம் இது சற்று மாறும் என்பதால் மணிக்கு 1,650 வண்டி என்பதை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு தடங்களாக, பொதுத் தடங்களிலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவரோடு கட்டினால் முந்த இடம் கிடைப்பதால் தடத்துக்கு 2,000-ஐ ஒட்டி வரும். ஒரு தடத்தை இரண்டாக்கினால் இங்கே கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது.

காலியாகத் தெரிவதற்கு வருவோம். கார்பூல் தடத்தில் மணிக்கு 1,400 வண்டி, 60 மைல் வேகத்தில் போகிறது என்று வைப்போம். மைலுக்கு 23 வண்டி. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 70 மீட்டர். பக்கத்துத் தடத்தில் 1,700 வண்டி, 20 மைல் வேகத்தில் ஊர்கிறது. மைலுக்கு 85 வண்டி, 19 மீட்டருக்கு ஒன்று. ஊர்ந்து கொண்டிருப்பவர் கண்ணுக்கு இந்தத் தடம் நிரம்பி வழிகிறது, அந்தத் தடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளில் வித்தியாசம் 300 தான். கண்ணில் படுவது அடர்த்தி. சாலையின் வேலையோ ஓட்டம். ஆள் கணக்கில் பார்த்தால் நிலைமையே தலைகீழ். அந்த 1,400-ல் 20 பஸ், ஒவ்வொன்றிலும் 40 பேர், மீதி 1,380 காரில் சராசரி 2.1 பேர் என்றால் மொத்தம் 3,700 பேர். பொதுத் தடத்தின் 1,700 வண்டியில் ஆளுக்கொரு கார் என்பதே பெரும்பாலும் வழக்கம் என்பதால் 1,900 பேரைத் தாண்டாது.

இதைச் சொல்லிவிட்டு, ஆகவே கார்பூல் தடமே சிறந்தது என்று முடிப்பவர்கள் பாதிக் கணக்கை மறைக்கிறார்கள். அந்தத் தடத்தில் போகிற கார்பூல்களில் பெரும்பாலானவை தடம் வருவதற்கு முன்பே பொதுத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தவைதான். கணவன் மனைவி சேர்ந்து போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, இவற்றைத் தடம் உருவாக்கவில்லை. ஒரு தடத்தை இன்னொரு தடத்தோடு ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது. சாலையின் முழு அகலத்தையும், கட்டுவதற்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க வேண்டும்.

எளிய எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். நான்கு தடம், தடத்துக்கு 2,000, மொத்தக் கொள்ளளவு 8,000. பீக் நேரத்தில் வர விரும்புவது 9,600 வண்டி. அதில் 14 விழுக்காடு, அதாவது சுமார் 1,340 வண்டியில் இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

ஐந்தாவதைப் பொதுத் தடமாக்கினால் கொள்ளளவு 10,000. வருவது 9,600. நெரிசல் தீர்ந்தது. ஆனால் நூற்றுக்கு 96 நிரம்பிய சாலை அது. ஒரு டயர் வெடித்தால் போதும்.

அதையே கார்பூல் தடமாக்கினால்? எல்லாக் கார்பூலும் உள்ளே வராது. இரண்டு எக்ஸிட் தள்ளி இறங்குகிறவர் நான்கு தடம் தாண்டி இடக்கோடிக்குப் போகமாட்டார். 85 விழுக்காடு வந்தால் 1,140 வண்டி. மிச்சம் 8,460 வண்டி நான்கு பொதுத் தடங்களுக்கு. கொள்ளளவு 8,000. மணிக்கு 460 வண்டி வீதம் வரிசை வளரும். முதல் நாளில் மொத்தத் தாமதத்தைக் குறைப்பதில் பொதுத் தடமே வெல்கிறது. போக்குவரத்து ஆய்வாளர் ஜாய் டால்கிரென் 1998-ல் காட்டியதும் இதைத்தான்: தொடக்கத்திலேயே நெரிசல் கடுமையாக, அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம் தருவதாக இருந்து, கார்பூல் வண்டிகளும் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால்தான் கார்பூல் தடம் பொதுத் தடத்தை முந்தும். அந்த இரண்டும் இல்லாத ஊரில் கார்பூல் தடம் கட்டுவது வெறும் நம்பிக்கையின் பேரில் கட்டுவது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. கார்பூல் தடத்தில் 1,140 தான் ஓடுகிறது, 1,650 வரை தாங்கும். அந்த 500 இடங்களைத் தனியாக ஓட்டிவருகிறவர்களுக்கு, நெரிசலுக்கேற்ப ஏறி இறங்கும் சுங்கக் கட்டணத்துக்கு விற்கலாம். 460 பேர் வாங்கினால் பொதுத் தடங்களில் 8,000, கார்பூல் தடத்தில் 1,600. வரிசையும் தீர்ந்தது, ஒரு தடம் எப்போதும் ஓடும் என்ற உத்தரவாதமும் கிடைத்தது. கடந்த முப்பது ஆண்டுகளாக அமெரிக்காவில் கார்பூல் தடங்கள் ஒவ்வொன்றாகக் கட்டணத் தடங்களாக மாறி வருவதற்குக் காரணம் வருமான ஆசை மட்டுமல்ல. இந்தக் கழித்தல் கணக்கும்தான்.

ஆனால் சாலை முதல் நாளோடு நின்றுவிடாது. பெருநகரங்களில் நெடுஞ்சாலைத் தடம் எத்தனை விழுக்காடு கூடுகிறதோ, ஓடும் வண்டி மைல்களும் ஏறத்தாழ அதே விழுக்காடு கூடுகின்றன என்பது பொருளியலாளர்கள் துரான்தோன், டர்னர் இருவரும் 2011-ல் வெளியிட்ட முடிவு. நேரத்தை மாற்றிப் போனவர் பீக் நேரத்துக்குத் திரும்புவார், ரயிலில் போனவர் காரை எடுப்பார், ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு எழும். நம் கணக்கில் வரத்து பத்து விழுக்காடு கூடி 10,560 ஆகிறது என்று வைப்போம்.

ஐந்து பொதுத் தடம் என்றால் 10,000-ஐத் தாண்டிவிட்டது. ஓட்டம் உடையும், கொள்ளளவு 9,300-க்கு இறங்கும். ஆள் கணக்கில் சுமார் 10,700 பேர். கட்டணத்தோடு கூடிய கார்பூல் தடம் என்றால், பொதுத் தடங்கள் உடைந்து 7,440 வண்டியாகச் சுருங்கும், அதில் 7,640 பேர். ஆனால் கட்டணத்தை ஏற்றி கார்பூல் தடத்தை 1,600-லேயே பிடித்து வைக்கலாம்: 1,260 கார்பூல், 310 கட்டணக் கார், 30 பஸ். இவற்றில் 4,150 பேர். மொத்தம் 11,800. குறைவான வண்டி, கூடுதல் ஆள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த 30 பஸ்ஸில் இருக்கும் 1,200 பேரை எடுத்துவிட்டால் 10,600 தான் வரும். பொதுத் தடத்தின் 10,700-க்குக் கிட்டத்தட்டச் சமம். கார்பூல் தடத்தின் வெற்றியைத் தீர்மானிப்பது காரில் உட்காரும் இரண்டாவது ஆள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு காட்டுவது பஸ்ஸை. நெரிசலில் கார்களோடு சேர்ந்து நிற்கும் பஸ்ஸுக்காகக் காரை விட்டு வருகிறவர் குறைவு. 60 மைலில் கார்களைக் கடந்து போகும் பஸ்ஸுக்கு வருவார்கள். பஸ் திட்டம் இல்லாத கார்பூல் தடத் திட்டத்தை நான் அரைகுறைத் திட்டம் என்றே சொல்வேன்.

இதற்கு லாஸ் ஏஞ்சலஸின் எல் மான்டே பஸ்வேயைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 10-ஆம் எண் ஃப்ரீவேயில் 1973-ல் பஸ்ஸுக்கென்றே திறக்கப்பட்டு, 1976-ல் மூன்று பேர் உள்ள கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட தடம் அது. இரண்டு பேர் போதும் என்று மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் விதி தளர்ந்தது. காலைப் பீக் நேரத்தில் மணிக்கு 1,100 ஆக இருந்த வண்டிகள் 1,600 ஆயின. வேகம் 65 மைலிலிருந்து 20 மைலுக்கு விழுந்தது. கடந்துபோன ஆட்களின் எண்ணிக்கையோ 5,900-லிருந்து 5,200 ஆகக் குறைந்தது. 500 வண்டியைக் கூடுதலாக உள்ளே விட்டு 700 பேரை இழந்தார்கள். அத்தனை கார் அந்தப் பக்கம் போயும் பொதுத் தடங்களின் வேகம் கூடவில்லை. காலியான இடத்தைப் புதிய வண்டிகள் நிரப்பிவிட்டன. பஸ் பயணிகள் கொதித்தெழ, சட்டமன்றம் அவசரமாக இன்னொரு சட்டம் கொண்டுவந்து அதே ஆண்டு ஜூலையில் பீக் நேரத்துக்கு மூவர் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பாதி காலியாகத் தெரிகிறதே, திறந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஏழு மாதமே பதில்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவேயின் நடுவில், இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவரோடு, காலையில் நகரை நோக்கியும் மாலையில் வெளியேயும் திசை மாறும் ஒற்றைத் தடம் 1984-ல் திறந்தது. முதலில் பஸ், வேன் மட்டும். காலியாக இருக்கிறது என்று அடுத்த ஆண்டே நான்கு பேர், பிறகு மூன்று பேர், 1986-ல் இரண்டு பேர் என்று இறக்கினார்கள். பீக் மணியில் 1,500-ஐ நெருங்கித் தடம் திணறியது. 1988 அக்டோபரில் காலை 6:45 முதல் 8:15 வரை மட்டும் மூவர் விதி. வண்டிகள் பாதிக்கும் கீழே விழுந்தன. இந்தப் படிக்கட்டுதான் கார்பூல் தடத்தின் பிறவிக் கோளாறு: இரண்டு என்றால் வழிகிறது, மூன்று என்றால் காய்கிறது, இரண்டரை ஆள் என்று விதி போட முடியாது. அந்த இரண்டரையைப் பணத்தால் உண்டாக்கியதுதான் 1998-ல் அங்கே வந்த குவிக்ரைட் திட்டம். பீக் நேரத்தில் மூன்று பேருக்கு இலவசம், இரண்டு பேர் 2 டாலர் கொடுத்துப் போகலாம்.

மூவர் விதியை மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கலாம். வாஷிங்டன் நகரத்துக்குள் வரும் வர்ஜீனியாவின் 95, 395 சாலைகளில் பல்லாண்டுகளாக ஒரு வழக்கம். பார்க்கிங் திடல்களில் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் வேகத் தடத்தில் போய்விடுவார். பணப் பரிமாற்றம் இல்லை. அரசு ஏற்பாடு செய்யாமல் தானே முளைத்தது. ஆனால் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் போல ஆயிரக்கணக்கானோர் இறங்கும் ஒரே இடமும், நம்பகமான பஸ் மாற்று ஏற்பாடும் இருந்ததால்தான் அது நடந்தது. எல்லா ஊரிலும் எதிர்பார்க்க முடியாது.

கேட்டி ஃப்ரீவே பிறகு உலகப் புகழ் பெற்றது. 2003-ல் தொடங்கி 2008-ல் முடிந்த விரிவாக்கத்துக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவு. பக்கத்தில் ஓடிய பழைய ரயில் பாதையின் நிலத்தையும் சேர்த்து, மிக அகலமான இடத்தில் சர்வீஸ் ரோடுகளோடு 26 தடம் வரை வந்தது. நடுவில் திசைக்கு இரண்டாகக் கட்டணத் தடங்கள். வார நாட்களில் காலை, மாலை கார்பூல் நேரங்களில் இரண்டு பேர் உள்ள காருக்கு இலவசம், தனியாளுக்குக் கட்டணம். 2011-க்கும் 2014-க்கும் இடையே அந்தச் சாலையில் பயண நேரம் காலையில் 30 விழுக்காடும் மாலையில் 55 விழுக்காடும் கூடியது. விரிவாக்கமே வீண் என்பதற்கு இந்த எண்களைக் காட்டுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சாலை முன்பைவிட அதிக ஆட்களைக் கடத்துகிறது. ஆனால் பொதுத் தடங்கள் விரைவாக ஓடும் என்று சொல்லி விற்றிருந்தால் அந்த வாக்குறுதி ஆறு ஆண்டுகூடத் தாங்கவில்லை. வாக்குறுதியைக் காப்பாற்றும் கருவி நடுவில் உள்ள தடங்களிடம்தான் இருக்கிறது. கட்டணத்தை ஏற்றலாம், விதியை இறுக்கலாம். பொதுத் தடத்தில் அப்படிப் பிடித்து இழுக்க ஒரு கயிறும் இல்லை.

சரி, இருக்கும் தடத்தையே கார்பூலாக மாற்றினால் கான்கிரீட் செலவு மிச்சமாகுமே? 1976 மார்ச் 15-ல் லாஸ் ஏஞ்சலஸின் சான்டா மோனிகா ஃப்ரீவேயில் செய்து பார்த்தார்கள். இருந்த தடங்களில் ஒன்றை மூன்று பேர் உள்ள கார்களுக்கும் பஸ்களுக்கும் ஒதுக்கினார்கள். பஸ் பயணிகள் பெருகினார்கள், ஆனால் மற்ற தடங்களில் விபத்தும் எரிச்சலும் பெருகின. 21 வாரத்தில் நீதிமன்ற உத்தரவால் நின்றது. அதன்பின் அங்கே கார்பூல் தடம் என்றாலே புதிதாகக் கட்டிச் சேர்ப்பது என்றாகிவிட்டது.

கட்டுமானத்தில் எங்கே சறுக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் அழகாகத் தெரிந்தவை திறந்த அன்றே கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

முதலாவது, சாலையின் முனை. ஐந்து தடம் போய்ச் சேரும் இடத்தில் நான்கு தடமே இருந்தால் அங்கே 8,000 தான் போகும். மேலே எத்தனை தடம் சேர்த்தாலும் அந்தக் குறுகலில் நிற்கும் வரிசையை அகலமாக்கியதுதான் மிச்சம். கார்பூல் தடம் திடீரென முடிந்து பொதுத் தடத்தில் கலக்கும் இடமும் அப்படியே. தடத்தை அங்கேயே முடிக்காமல், அடுத்த பெரிய எக்ஸிட் தாண்டும்வரை கூடுதல் தடமாக நீட்டிவிட்டு, வலக்கோடித் தடத்தை அந்த எக்ஸிட்டோடு இறக்கிவிடுவது நல்ல முறை. அப்போது இடப்பக்கம் யாரும் யாருக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை.

அடுத்தது உள்ளே நுழையும் வாசல்கள். வலப்பக்க ராம்பில் ஏறிய கார், இடக்கோடி கார்பூல் தடத்துக்குப் போக எல்லாத் தடத்தையும் குறுக்கே வெட்டியாக வேண்டும். ஒரு தடம் மாற 800 அடி என்பது கலிபோர்னியாவில் வழங்கும் அளவு. நான்கு முறை மாற 3,200 அடி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ராம்புக்கும் வாசலுக்கும் இடையே அதைவிடக் குறைந்தால், கார்பூல்காரர்கள் குறுக்கே பாய்வதாலேயே பொதுத் தடங்களின் ஓட்டம் உடையும். தென் கலிபோர்னியாவில் பெரும்பாலும் கோடு போட்டுக் குறிப்பிட்ட வாசல்களில் மட்டும் விடுவார்கள், 24 மணி நேரமும் விதி உண்டு. வட கலிபோர்னியாவில் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம், பீக் நேரத்தில் மட்டும் விதி. நுழைவு ஒரே இடத்தில் குவியாமல் பரவுவதால் இரண்டாவது முறை பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கட்டணம் வசூலிக்க வேண்டுமென்றால் வாசல் முறை எளிது. எல்லாவற்றையும்விடச் சிறந்தது நேரடி ராம்ப்: ஹூஸ்டனில் ஆடிக்ஸ் பார்க் அண்ட் ரைட் நிலையத்திலிருந்து (காரை நிறுத்திவிட்டு பஸ் ஏறும் இடம்) பஸ்கள் மேம்பாலம் வழியாக நடுத் தடத்தில் நேரே இறங்குகின்றன, ஒரு பொதுத் தடத்தையும் தொடாமல். செலவு அதிகம்தான். பஸ் எண்ணிக்கை இருந்தால் அது தன் விலையைக் கொடுத்துவிடும்.

பிறகு ஷோல்டர், அதாவது பழுதான வண்டி ஒதுங்கி நிற்கத் தடங்களின் ஓரத்தில் விடும் பட்டை. நிலம் எடுக்க முடியாத இடத்தில், 12 அடித் தடங்களை 11 ஆகச் சுருக்கி, இடப்பக்க ஷோல்டரைத் தின்று ஐந்தாவது தடத்தை நுழைப்பார்கள். தடம் ஓர் அடி சுருங்குவதால் வேகம் 2 மைல் அளவே குறைகிறது, கொள்ளளவில் 20 வண்டிதான் போகும். அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஷோல்டரை இழப்பதுதான் ஆபத்து. நான்கு தடச் சாலையில் பழுதான கார் ஷோல்டரில் நின்றால் கொள்ளளவு 99 விழுக்காடு மிஞ்சும். ஷோல்டர் இல்லாமல் ஒரு தடத்தை மறித்து நின்றால் 75 மிஞ்சும் என்று நினைப்போம். மிஞ்சுவது 58. பக்கத்தில் போகிறவர்களும் வேகம் குறைத்துப் பார்த்துக்கொண்டே போவதால் வரும் இழப்பு அது. ஒற்றைக் கார்பூல் தடத்தில் நின்றால் பஸ் உட்பட எல்லாமே நிற்கும். இழுவை வண்டிகளைப் பீக் நேரம் முழுக்கச் சாலையிலேயே சுற்றவிடும் செலவைத் திட்டத்தில் சேர்க்காமல் ஷோல்டரைச் சுருக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஷோல்டர் போனால் போலீஸுக்கும் நிற்க இடமில்லை. விதி மீறுகிறவரைப் பிடிக்க 14 அடி அகலம், 1,300 அடி நீளம் உள்ள ஒதுங்கிடம் இரண்டு மூன்று மைலுக்கு ஒன்றாவது வேண்டும். கலிபோர்னியாவில் அபராதம் குறைந்தது 490 டாலர், இருந்தும் பிடிபடமாட்டோம் என்று தெரிந்தால் தனியாள் கார்கள் நுழைந்துகொண்டே இருக்கும். 1,650-ல் ஓடும் தடத்தில் மணிக்கு 150 பேர் விதி மீறினாலே ஓட்டத்தை உடைக்கப் போதும். கட்டணத் தடங்களில் ஓட்டுநரே தன் நிலையை அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. லாஸ் ஏஞ்சலஸில், காரில் பொருத்தும் கட்டண டேக்கிலேயே ஆள் எண்ணிக்கையை 1, 2, 3 என்று மாற்றும் பொத்தான். கேட்டியில் சுங்கச் சாவடியருகே கார்பூலுக்கென்று தனித் தடத்தில் போக வேண்டும். இரண்டிலும் பொய் சொல்லலாம். ஆனால் யார் இலவசம் கேட்கிறார் என்று தெரிவதால், போலீஸ் எல்லாக் காரையும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை.

விலக்குகளும் தடத்தைத் தின்னும். கலிபோர்னியாவில் மின்சாரக் கார்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்துத் தனியாளையும் விட்டார்கள். கார் விற்பனைக்கு அது உதவியது, தடத்துக்கு உதவவில்லை. கூட்டாட்சிச் சட்டத்தின் அனுமதி முடிந்ததால் 2025 செப்டம்பர் 30-ஓடு அந்தச் சலுகை நின்றது. விலக்கு பெற்ற வண்டிகளையோ கட்டண வண்டிகளையோ உள்ளே விடும் தடத்துக்கு அதே சட்டத்தில் ஒரு அளவுகோல் உண்டு: 180 நாள் கணக்கெடுத்தால், வார நாள் பீக் நேரத்தில் 90 விழுக்காடு நேரமாவது மணிக்கு 45 மைலுக்குக் குறையாமல் ஓட வேண்டும். தவறினால் ஆள் எண்ணிக்கையைக் கூட்டவோ, கட்டணத்தை ஏற்றவோ, விலக்குகளை நிறுத்தவோ மாநிலம் திட்டம் தர வேண்டும்.

கட்டணத் தடத்தைத் தனியார் கையில் கொடுக்கும்போது ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் 91-ஆம் எண் சாலையின் நடுவே 1995 டிசம்பரில் திறந்த எக்ஸ்பிரஸ் தடங்களை ஒரு தனியார் நிறுவனம் கட்டியது. பக்கத்துப் பொதுத் தடங்களை மேம்படுத்தி அதன் வருமானத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனையிலிருந்து விடுபட, கவுண்டியின் போக்குவரத்து ஆணையம் 2003-ல் 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தடங்களையே வாங்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் ஊர் விரிவாக்கத் திட்டத்தின் அறிக்கை கைக்கு வந்தால் முதல் பக்கத்துப் படங்களை விட்டுவிட்டுப் பின்னிணைப்பில் இருக்கும் போக்குவரத்து ஆய்வைத் திறங்கள். புதிய தடம் முடியும் இடத்துக்கு அடுத்த இரண்டு மைலில் எத்தனை தடம், அங்கே இப்போது பீக் ஓட்டம் எவ்வளவு என்று பாருங்கள். கார்பூல் தடத்துக்கு 1,650-ஐத் தாண்டிய எண்ணைக் கொள்ளளவாக எடுத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். இன்றைய கார்பூல் விழுக்காட்டைச் சாலையில் நின்று எண்ணினார்களா, கணினி மாதிரியிலிருந்து எடுத்தார்களா? திறக்கும் நாளில் மணிக்கு எத்தனை பஸ், அதை ஓட்டும் செலவு யாருடைய பட்ஜெட்டில்? தடம் நிரம்பும்போது இருவர் விதியை மூவராக மாற்றும் அதிகாரம் யாருக்கு, எந்த எண்ணைத் தொட்டால் மாற்றுவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கட்டுமானத்துக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிடுவது முக்கியம். தடம் திறந்து இரண்டு பேராகப் போய்ப் பழகியவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்க, ஹூஸ்டனில் தடம் திணறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது; லாஸ் ஏஞ்சலஸில் சட்டமன்றமே கூட வேண்டியிருந்தது.